ஏழு நிமிடத்துக்கு மேல் உட்காராதவர்

எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் முதலாளி செருப்பைக் கழற்றியதும் அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். வெளியே வரும்போது கால் நேராக அதற்குள் போய்விட வேண்டும். திருப்பூர் நல்லூரில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியில் சாத்தூர்க்காரியான நான் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, அவர்கள் கோபத்தை அவருக்கும் அவர் கோபத்தை அவர்களுக்கும் பதமாக மாற்றிச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. அந்த ஒன்பது வருடத்தில் அவர் ஓரிடத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏழு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. செக்கிங் பிரிவுப் பெண்கள் பந்தயம் கட்டி மணி பார்த்திருக்கிறார்கள்.

அவர் அறையில் நல்ல சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. அதன் மேல் கடைக்காரன் போர்த்தி அனுப்பிய பாலித்தீன் உறை நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் இருந்தது, விட்டு வந்தபோதும் இருந்தது. கையெழுத்தெல்லாம் நின்றபடிதான். மத்தியானச் சாப்பாட்டையும் தூக்குப்போசியை ஜன்னல் திட்டில் திறந்து வைத்து, கீழே லாரியில் பெட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடுவார். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

இதைக் கேட்டு அவரை வேலைப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பைத்தியம் வேறு. தெரிந்தவர் வீட்டு நல்லது கெட்டது ஒன்றுகூட அவர் இல்லாமல் நடந்துவிடக் கூடாது. காதர்பேட்டை வியாபாரி வீட்டுக் கல்யாணம், சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் புதுமனை, எங்கள் தையல்காரப் பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்து, நூல் ஏஜென்ட்டின் மாமியார் காரியம் எல்லாவற்றுக்கும் போவார். போவார், நிற்பார், வந்துவிடுவார். "சும்மா தலையக் காட்டிட்டு வந்தர்லாம் கண்ணு" என்பார். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இந்த வாக்கியம் என் காதில் விழும்.

முகூர்த்த நாளில் அவரைப் பார்க்க வேண்டும். அவிநாசியில் தொடங்கி, காங்கேயம் போய், தாராபுரத்தில் முடிகிற மாதிரி ஒன்பது கல்யாணங்களைக் கோர்த்து வைத்திருப்பார். டிரைவர் வண்டியை அணைக்க மாட்டார். இவர் முன்வாசல் வழியாக நுழைந்து, பெண்ணின் அப்பாவைக் கும்பிட்டு, மேடையேறி, போட்டோவுக்கு நின்று, பந்தி நடக்கிற கூடம் வழியாக "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே போய், கை கழுவுகிற இடத்தின் பின்வாசலில் வெளியே வந்துவிடுவார். ஒருமுறை ஒரே வளாகத்தில் இரண்டு மண்டபம். அவர் தவறான மண்டபத்தில் போய் மேடையேறி, மாப்பிள்ளையின் தோளைத் தட்டிப் படமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் ஏறிப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இறங்கிப் போய் அடுத்த மண்டபத்திலும் தலையைக் காட்டிவிட்டு வந்தார். முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்தின் ஆல்பத்தில் அவர் இன்னும் பெரிய மனிதராக நின்றுகொண்டிருப்பார்.

எல்லோரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டர் தாராபுரத்தில் வீடு கட்டிப் புகுந்தபோது முதலாளிக்கென்று தனியாக இலை போட்டு, இனிப்பு வைத்து, விசிறிக்குக் கீழே நாற்காலியும் போட்டிருந்தார். இவர் வந்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், கிளம்பிவிட்டார். மாஸ்டரின் மனைவி அந்த இலையைச் சாயந்திரம் வரை எடுக்கவில்லையாம். மறுநாள் மாஸ்டர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சமாதானம் பண்ண முதலாளி மறுபடியும் தாராபுரத்துக்கு வண்டியை விட்டார். நானும் கூடப் போனேன். அன்றைக்கு இருந்தது ஆறு நிமிடம்.

எனக்கே அவர் மேல் ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சாத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் இறந்தபோது, விடிந்ததும் கிளம்பி அத்தனை தூரம் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என் தம்பியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். என் தலையில் கை வைத்தார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அழுகைக்கு நடுவிலும் என் அம்மா கேட்டாள்: "வந்தாரு, நின்னாரு, போயிட்டாரு. இதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தாரு?"  வந்தாரே என்று மனம் நெகிழ்ந்தது, இருக்கவில்லையே என்று எரிந்தது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் நேராகவே கேட்டேன்.

"அண்ணா, சித்த நேரம் இருந்திருக்கலாமுங்களே?"

"உக்காந்துட்டா எந்திரிக்க மனசு வராது கண்ணு. அதுக்குத்தான்" என்றார். சொல்லும்போதே கால் மாடிப்படியில் இருந்தது. சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பயணத்தைச் சொல்கிறேன். ஒரு செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்த ஜவுளிக் கண்காட்சிக்கு அவரும் அவர் மனைவியும் நானும் போயிருந்தோம். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பேச்சில் உப்பும் காரமும் சரியாக இருக்கும். கண்காட்சி முடிந்த மறுநாள் மாலை ஆறு மணிக்கெல்லாம் நாங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கையில் ஒரு பகல் இருந்தது. அக்கா கடைவீதி என்றார். நான் தூக்கம் என்றேன். முதலாளி, "ஒரு எழவு கேக்காமக் கெடக்குது" என்றார்.

எல்லையைத் தாண்டி ஆஸ்திரிய மலையில் ஒரு கிராமம். எங்களுக்கு முதன்முதலில் ஆர்டர் கொடுத்த பெரியவர் அங்கே இருந்தார். கைக்குழந்தைகளுக்கான துணிக்கடைகள் வைத்திருந்து, பிறகு விற்றுவிட்டு ஓய்வாக இருந்தவர். வியாபாரத்தில் இருந்தவரை வருடா வருடம் ஜனவரியில் மனைவியோடு திருப்பூருக்கு வருவார். ஆண்கள் துணியைத் தடவிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் அக்காவின் சமையலறையில் இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழியும் படியைப் பிடித்து அழுத்திக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஆனால் சிரிப்புச் சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்கும். அந்த அம்மாள் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். மெயிலில் செய்தி வந்தது, மெயிலில் ஆறுதல் சொன்னோம். அந்தப் பத்து மாதமும் முதலாளிக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"போன் பண்ணிச் சொல்லிட்டுப் போலாமுங்களா அண்ணா? இந்த ஊர்ல சொல்லாமப் போனா நல்லா இருக்காது" என்றேன்.

"எழவு கேக்கறதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டா போவாங்க?" என்றார். அதற்குள் வாடகைக் கார்க் கடைக்காரனிடம் சாவியை வாங்கியிருந்தார்.

அங்கே வண்டி வலது பக்கம் போக வேண்டும், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். கியரைத் தேடி அவருடைய இடது கை கதவில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. பின்சீட்டிலிருந்து அக்கா ஒவ்வொரு சந்திப்பிலும் "வலது, வலது" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்து போனில் வழி பார்த்தேன். நெடுஞ்சாலை முடிந்து மலை தொடங்கியதும் போனை மடியில் போட்டுவிட்டு வெளியே பார்த்தேன். சரிவெல்லாம் வெட்டிவிட்ட மாதிரி புல். மர வீடுகளின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பூந்தொட்டி. சுவரோரம் விறகை அளவெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் மேலே, செப்டம்பரிலும் உச்சியில் பனி. முதலாளி பார்த்தது கொண்டை ஊசி வளைவுகளின் எண்களை மட்டும்தான்.

"வால்பாறையில நாப்பது. இங்க என்ன, பதினேழோட முடிச்சுட்டான்?"

ஓர் ஏரி வந்தது. தண்ணீருக்குள் மலை தலைகீழாக நின்றது. அக்கா கெஞ்சியதால் நிறுத்தினார். இறங்கினார், இடுப்பில் கை வைத்து இடமும் வலமும் பார்த்தார், என்னை இரண்டு படம் எடுக்கச் சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார். ஒரு கால் நனைந்தது. இன்னொரு கால் நனைவதற்குள் வண்டி கிளம்புகிற சத்தம்.

"ஏனுங்க, இந்த ஏரிக்கும் தலையக் காட்டியாச்சுங்களா? அது கோவிச்சுக்காதுங்களா?" என்று கேட்டபடி அக்கா ஏறினார். ஈரக் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டக்கூட நேரம் இல்லை. எனக்கு அழுகையே வந்தது. அவ்வளவு காசு போட்டுப் போன ஊரை இப்படி ஜன்னல் வழியாக வழித்துக்கொண்டு போகிறோமே என்று அவர் பிடரியைப் பார்த்து மனதுக்குள் திட்டினேன்.

பெரியவரின் வீடு கிராமத்தின் கடைசியில், ஒரு சரிவின் மேல் இருந்தது. கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்துச் சிலையாக நின்றுவிட்டார். ஜனவரியில் திருப்பூர் வெயிலுக்கு முகம் சிவந்து வந்து நிற்பாரே, அந்த ஆள் இல்லை. பாதி ஆள். முதலாளி செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போய், இரண்டு கைகளையும் நீட்டினார். பெரியவர் குலுக்குவதற்காக ஒரு கையை நீட்டினார். முதலாளி அதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சரக்கு, தேதி, பெட்டி, கலர். துக்கத்துக்கு ஒரு வார்த்தையும் இல்லை. பெரியவர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது.

உள்ளே உட்கார்ந்தோம். குளிர்காயும் அடுப்பின் மேல்திட்டில் அந்த அம்மாளின் படம் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி மூன்று மாதம் படுக்கையில் கிடந்ததைப் பெரியவர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். முதலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எத்தனையோ நாள் கழித்து வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற சந்தோஷம் அவர் நடையிலேயே தெரிந்தது. காபி போடுகிறேன், கேக் இருக்கிறது, இருங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது.

முதலாளி எழுந்தார்.

திருப்பூரிலும் சாத்தூரிலும் வழக்கம் ஒன்றுதான். துக்கம் கேட்கப் போன வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. இன்னொரு முறை இப்படி வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். முதலாளி கொல்லைக்குப் போகிறவரைப் போல வெளியே போனார். நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன், ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லப்படாது கண்ணு. வா."

நானும் வந்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஊர் வழக்கமும் பெரியவரோடு பேச இங்கிலீஷும் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். இருந்தும் துக்க வீடு என்றதும் சாத்தூர்க்காரியாக மாறி, வாயை மூடிக்கொண்டு வந்து வண்டியில் ஏறிவிட்டேன்.

இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, அவரு தட்டுல நாலு கோப்பை வெச்சு எடுத்துட்டு வந்து நிப்பாருங்க. வந்து பாத்தா ஆள் இருக்காது. இந்த ஊர்ல நம்ம வழக்கம் கிடையாதுங்க. தான் ஏதோ தப்பாப் பேசிட்டோம், கோவிச்சுட்டுப் போயிட்டாங்கன்னுதான் நினைப்பாரு."

 முதலாளியின் கை ஸ்டீயரிங்கில் விரல் மாற்றி விரல் தட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பலாமுங்களா?"

"எழவூட்டுக்குத் திரும்பிப் போகப்படாது கண்ணு."

"அப்ப அந்த மனுசர் அப்படியே நினைச்சுட்டு இருக்கட்டுமா?"

"போன்ல சொல்லிக்கலாம்" என்றார். அது அவருக்கே பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. போனில் சொன்னால் போதும் என்பவர் எதற்காக மூன்று மணி நேரம் மலையேறி வந்தார்? அக்கா ஒன்றும் பேசாமல் வந்தார். அப்படி அவர் பேசாமல் வந்தால், பேசுவதைவிட அதிகமாக முதலாளிக்கு உறைக்கும்.

அப்போதுதான் பின்னால் ஒரு கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது. வழி கேட்கிறான் என்று முதலாளி ஓரமாக ஒதுங்கினார். அது முந்தவில்லை. அதுவும் மெதுவானது. மறுபடி விளக்கு.

"வழி குடுத்தாலும் போகமாட்டேங்கறான். நம்ம மெதுவாப் போறம்னு திட்டறானாட்ட இருக்குது" என்று முதலாளி வேகத்தைக் கூட்டினார். அந்தக் காரும் கூட்டியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு டயர் கிறீச்சிட்டது.  துக்கம் கேட்க வந்த மூன்று பேர், யாரோ துரத்துகிறார்கள் என்று அந்தப் பச்சை மலையில் தலைதெறிக்க இறங்கிக்கொண்டிருந்தோம்.

கடைசி வளைவைத் திரும்பியதும் முதலாளி பிரேக்கை மிதித்தார். சாலை முழுக்க மாடுகள். கோடை முடிந்தால் மேய்ச்சல் மலைகளிலிருந்து மாடுகளை ஊருக்குள் கொண்டுவருவார்களாம். பக்கத்து மலையிலிருந்து இறங்கி, இந்த ஊருக்குப் போக எங்கள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தன. கொம்பைச் சுற்றிப் பூ, கழுத்தில் குடம் போலப் பெரிய மணி. மணிச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. பின்னால் வந்த காரும் கோணலாக நின்றது. கதவு திறந்து, வீட்டுச் செருப்போடு, மடித்துவிட்ட சட்டைக்கையோடு பெரியவர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, அவருங்க!" என்றார் அக்கா.

பெரியவர் என் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார். மூச்சு வாங்கியது. அவர் கேட்டது ஒன்றுதான்: நான் என்ன தவறு செய்தேன்?

நான் இறங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவோம், ஏன் சொல்லாமல் கிளம்புவோம், காபியை ஏன் குடிக்கவில்லை, இது கோபம் இல்லை மரியாதை என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். முதலாளியும் அக்காவும் இறங்கி வந்து தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். பெரியவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, புரிகிறது, நல்ல வழக்கம்தான் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்தே சொன்னார்: ஆனால் எனக்கு நீங்கள் மறுபடியும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனால் தேவலை.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

முதலாளி தரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாடுகளைப் பார்த்தார். "அம்மிணி" என்று அக்காவைக் கூப்பிட்டார். "இது ரோடுதான? எழவூடு இல்லியே?"

"ரோடுதானுங்க."

"மாடு எதுக்கத்தான வருது?"

"எதுக்கத்தானுங்க. கன்னோட வருதுங்க. இதுக்கு மேல என்ன சகுனம் வேணுமுங்க?"

அவர் பெரியவரிடம் போனார். இரண்டு கைகளையும் மறுபடி பிடித்துக்கொண்டார். "கட்டாயம் வர்றனுங்க. மறுபடியும் வர்றனுங்க" என்று நல்ல தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் முகம் மலர்ந்தது. உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியையும் பென்சிலையும் எடுத்தார்.

எப்போது, என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். திருப்பூர் வட்டாரத்தில் ஆயிரம் வாசலில் நின்று கட்டாயம் வர்றனுங்க என்று சொன்ன மனிதர். ஒருத்தரும் அவரைத் தேதி கேட்டதில்லை. "அடுத்த வருசம்" என்றார். எந்த மாதம் என்றார் பெரியவர். பென்சில் காகிதத்தின் மேலேயே நின்றது. முதலாளியின் கை சட்டைப் பொத்தானைத் திருகியது. ஒரு மாடு அவரை உரசிக்கொண்டு போனது. விலகினார், மறுபடி அங்கேயே வந்து நின்றார்.

"புரட்டாசியில முகூர்த்தம் இல்லீங்க" என்று அக்கா மெல்லச் சொன்னார். "எந்த ஊட்டுக்கும் போக வேண்டியதில்லீங்க."

"புரட்டாசி மொதச் சனிக்கிழமைன்னு சொல்லு கண்ணு."

போனில் அடுத்த வருடக் காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதியைச் சொன்னேன். பெரியவர் எழுதி, அடியில் கோடு போட்டு, டைரியை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார். எழுத்து நடுங்கி இருந்தது. பிறகு எங்கள் மூவரிடமும் தனித்தனியாகக் கைகுலுக்கி விடைபெற்றார். மாடுகள் போய் முடியக் கால்மணி நேரம் ஆனது. முதலாளி அத்தனை நேரமும் வண்டியில் ஏறவில்லை, மணி பார்க்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு விமான நிலையம் வரைக்கும் அவர் ஓட்டிய வேகத்தை நான் எழுதாமல் இருப்பதே நல்லது.

திருப்பூர் வந்ததும் பழைய ஓட்டம்தான். தையில் ஒரே நாளில் பதினொரு கல்யாணம். ஆனால் அவ்வப்போது என் மேஜைப் பக்கம் வந்து, "புரட்டாசி மொதச் சனி, மறந்தராத" என்று சொல்லிவிட்டுப் போவார். விசாவுக்கான தாள்களையும் டிக்கெட்டையும் மார்ச்சிலேயே எடுத்து வைக்கச் சொன்னார்.

மே மாதம் பெரியவரின் தங்கை மகளிடமிருந்து மெயில் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். அச்செடுத்து அவரிடம் கொண்டுபோனேன். நின்றபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிங் பக்கம் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுப் போசியைத் திறக்கவில்லை.

நான் ஒரு வாரம் விட்டுக் கேட்டேன். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிறலாமுங்களா அண்ணா?"

"எதுக்கு?"

"அங்க இப்ப யாரும் இல்லீங்களே. அந்தப் பொண்ணு இருக்கிறது வேற ஊருங்க. வீடு பூட்டிக் கிடக்குதாம்."

"தேதி குடுத்திருக்கறம்ல கண்ணு" என்றார். "அவரு எழுதி வெச்சிருப்பாரு."

 போகாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. புரட்டாசியில் அவரும் அக்காவும் மட்டும் போனார்கள். கண்காட்சி இல்லை, பையர் இல்லை, சாம்பிள் பெட்டி இல்லை. அந்த வருடம் அவரிடம் வேலை பார்த்த கடைசி வருடம் எனக்கு. கோயம்புத்தூரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

திரும்பி வந்த மூன்றாம் நாள் அக்கா கம்பெனிக்கு வந்தார். செக்கிங் பெண்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னங்கக்கா, போனீங்களா?"

"போனோம் கண்ணு. ஊடு பூட்டித்தான் கெடந்துச்சு. பூந்தொட்டியெல்லாம் காஞ்சு கெடக்குது. இவரு செருப்பக் கழட்டிட்டுப் படிக்கட்டுல போயி நின்னாரு. சாத்துன கதவப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு. சரி, ஆச்சு, இன்னி அஞ்சு நிமிசத்துல கெளம்பிருவாருன்னு நான் வண்டிய உட்டே எறங்குல. பாத்தா, செவுத்தோரத்துப் பெஞ்சுல போயி உக்காந்துட்டாரு. மணி பன்னண்டாச்சு. ஒண்ணாச்சு. பக்கத்து ஊட்டம்மா ஒண்ணு எட்டி எட்டிப் பாத்துட்டு, ரெண்டு ஆப்பிளக் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. யாருன்னு கேட்டாக்கூட எங்களுக்குச் சொல்லத் தெரியல. நான் போயி, ஏனுங்க, போலாமுங்களான்னு கேட்டேன்."

அக்கா கையில் மிச்சமிருந்த சாக்லேட்டைப் பிரித்தார், தின்னாமல் மறுபடியும் மடித்தார்.

"சித்த இரு அம்மிணின்னாரு. முப்பத்தஞ்சு வருசமா இந்த மனுசங்கூட ஊரு ஊராப் போறேன் கண்ணு. எங்க போனாலும் கெளம்பு, கெளம்புதான். இருன்னு அவரு வாயில அன்னிக்குத்தான் கேட்டேன். நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். பொழுது எறங்குற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயேதான் இருந்தோம்."